அவளாகக் கேட்கட்டும்

யாருக்குன்னு கேக்கறீங்களா? என் பொண்ணுக்கு. உள்ள இருக்கா, அந்த ரெண்டாவது கதவு. தோள்பட்டைக்குப் பயிற்சி குடுக்கறாங்க. அஞ்சு மாசமா வாரத்துக்கு ரெண்டு நாள் இங்கதான். இல்லைங்க சார், நான் கூட்டிட்டு வரல. அவ வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்திருக்கார், கீழ டீக்கடைல நிப்பார். நான் தனியா பஸ்ல வந்தேன். நான் வர்றது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரிப் போயிடுவா. நானும் தெரியாத மாதிரி உக்காந்திருப்பேன்.

சண்டையெல்லாம் இல்லைங்க. ஒரே வீடுதான். எங்க வீட்டம்மா போய்ச் சேந்தப்புறம், அப்பா தனியா இருக்க வேண்டாம்னு அவதான் புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு என்கிட்ட வந்தா. இப்பவும் காலைல எனக்கு டம்ளர்ல காபி வெச்சுட்டுத்தான் காலேஜுக்குப் போறா. அவ கணக்கு வாத்தியாரம்மா. காபி வெக்கிறா, பேச்சு மட்டும் இல்லை. சரி விடுங்க. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? வீட்டம்மாவுக்கா, முழங்காலா? நேரமாகும் சார். முழங்கால்காரங்களை லேசுல விடமாட்டாங்க.

என் பேரு குணசீலன். அஸ்தம்பட்டில குணா டிரைவிங் ஸ்கூல்னு மஞ்சள் போர்டு பாத்திருப்பீங்களே, அது நான்தான். இருபத்தொம்பது வருசம். நீங்க ரோட்டுல போறப்ப எதிர்ல ஒழுங்கா கை காட்டித் திரும்பற வண்டி எதையாச்சும் பாத்தீங்கன்னா, அது என்கிட்டப் படிச்ச கையா இருக்கும். பெருமைக்குச் சொல்லல. அவ்வளவு பேருக்கு சொல்லிக் குடுத்திருக்கேன்.

ஸ்கூல் வண்டில இடது பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்ல? படிக்கிறவங்க தடுமாறினா நாம அமுக்கறதுக்கு. என் கால் எப்பவும் அது மேலதான். இருபத்தொம்பது வருசத்துல என் வண்டி ஒரு நாய் மேல கூட ஏறினதில்லை. ஹபீப் பாய்னு என் மெக்கானிக், சின்ன வயசுலேருந்து பழக்கம், அவன் ஒருதடவை சக்கரத்தைக் கழட்டி வெச்சுக்கிட்டுச் சொன்னான்: "குணா, ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் பிரேக் பேட் முப்பதாயிரம், நாப்பதாயிரம் கிலோமீட்டர் வருது. உனக்கு மட்டும் பத்தாயிரத்துல தகடாப் போயிடுது. அவங்க அமுக்கறாங்களா, நீ அமுக்கறியா?" நான் சிரிச்சேன். படிக்கிற பசங்க பாய், அவங்களுக்கு என்ன தெரியும்னேன். மெக்கானிக்குங்களுக்கு எப்பவும் டிரைவர் மேல ஒரு சந்தேகம் இருக்கும் சார்.

பூவிழிக்கு, என் பொண்ணு பேரு பூவிழி, பதினெட்டு வயசானப்ப நானே சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சேன். நாலு நாள் வந்தா. அஞ்சாவது நாள் வரலைன்னுட்டா. ஏம்மான்னு கேட்டா, "நான் பிரேக் போடறதுக்குள்ள நீங்க போட்டுடறீங்கப்பா. வண்டி நிக்கிது. நான்தான் நிறுத்தினேனான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது"ன்னா. குழந்தைப் பேச்சு. நின்னாப் போதாதா? யாரு நிறுத்தினா என்ன? பெத்தவன் கால் தாமதிக்குமா? எங்க வீட்டம்மாவுக்குக் கூட நான் சொல்லிக்குடுக்கல. அவ கேக்கவேயில்லை. ஒரே ஒருதடவை கேட்டா. எதுக்கு, நான்தான் இருக்கேனேன்னேன்.

அப்புறம் பன்னெண்டு வருசம் கழிச்சு, கல்யாணமாகி, மிதுனா பொறந்து, அவளுக்கு அஞ்சு வயசாகறப்ப, பூவிழி போய் வேற ஸ்கூல்ல சேந்தா. வேற ஊர்ல இல்லை சார். எங்க பக்கத்துத் தெருவுல. ஒரு அம்மா நடத்தறாங்க. என் போர்டைத் தாண்டித்தான் அந்த வண்டி போகணும். என் பொண்ணு ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு என் போர்டைத் தாண்டிப் போறா, நான் வாசல்ல நின்னு பாக்கறேன். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் என்னைப் பாக்கறாரு. நான் ஒண்ணும் கேக்கல. அது என் பெருந்தன்மை.

லைசென்ஸ் வாங்கினா. சின்னதா ஒரு பழைய கார் வாங்கினா. வெள்ளை. என்னைக் கேட்டு வாங்கல. ஆனா நம்ம வீட்டு வாசல்ல நிக்கற வண்டியை நான் எப்படிப் பாக்காம இருக்க முடியும்? டயர்ல காத்து பாத்தேன். வைப்பர் மாத்தினேன். கண்ணாடியை அவ உயரத்துக்குத் திருப்பி வெச்சேன். அவ மறுபடி திருப்பி வெப்பா, நான் மறுபடி சரி பண்ணுவேன். ஒருநாள் காலைல பேட்டரி மந்தமா இருக்கற மாதிரித் தெரிஞ்சுது. அவ குளிச்சிட்டிருந்தா. சாவியை எடுத்துக்கிட்டு ஹபீப்கிட்ட ஓட்டிட்டுப் போயிட்டேன். ஒரு அரைமணி நேரம்னு நெனச்சேன், ஒண்ணரை மணி ஆயிடுச்சு. அன்னிக்கு அவளுக்குப் பரீட்சை டியூட்டியாம். எனக்கு எப்படித் தெரியும்? லேட்டாப் போயி, பிரின்ஸிபால் எழுதி விளக்கம் கேட்டுட்டாராம்.

சாயந்திரம் வந்து எதிர்ல உக்காந்தா. சத்தம் போடல. அவ சத்தம் போடற ஆள் இல்லை. "அப்பா, இனிமே என் வண்டியைத் தொடாதீங்க. நானா கேட்டாத் தவிர வண்டியைப் பத்தி எதுவும் சொல்லவும் சொல்லாதீங்க. இது ஒண்ணு மட்டும் எனக்காகப் பண்ணுங்க"ன்னா.

சரின்னேன். சரின்னா சரிதான் சார். நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன். அன்னிலேருந்து அந்த வண்டி மேல நான் விரல் வெக்கல. மேல காக்கா எச்சம் இருந்தாக் கூடத் துடைக்கல. அவ பாக்கட்டும்னு விட்டேன்.

இப்படியே ரெண்டு மாசம். மே மாசம் ஆரம்பத்துல சத்தம் வர ஆரம்பிச்சுது. காலைல அவ வண்டியைப் பின்னால எடுத்து கேட்டுகிட்ட நிறுத்தறப்ப, மெல்லிசா ஒரு கீச்சு. எல்லார் காதுலயும் விழாது. என் காதுல விழும். உங்களுக்குச் சொல்றேன், தெரிஞ்சு வெச்சுக்குங்க. புதுப் பேட் நம்ம சுண்டுவிரல் கனம் இருக்கும். தேய்ஞ்சு தேய்ஞ்சு மூணு மில்லிக்கு வந்துட்டா மாத்திடணும். அதுக்கு மேல விடக்கூடாது. நாம மறந்துடுவோம்னுதான் அதுல ஒரு சின்ன இரும்பு நாக்கு வெச்சிருக்கான். பேட் தேய்ஞ்சதும் அந்த நாக்கு சக்கரத்தோட சுத்தற டிஸ்க்குல உரசிக் கத்தும். என்னைப் பாருன்னு சொல்ற சத்தம் அது. மழையில நனைஞ்சாலும் கத்தும், தூசிக்கும் கத்தும், ஆனா அது ரெண்டு நாள்ல போயிடும். தினமும் கத்துச்சுன்னா சக்கரத்தைக் கழட்டிப் பாத்தே ஆகணும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை பாக்கணும். மலை ஏறப்போறோம்னா, சத்தம் வருதோ வரலையோ, பாத்துட்டுத்தான் ஏறணும். படிக்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் கடைசி நாள் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். இருபத்தொம்பது வருசமா.

பன்னெண்டாம் தேதி செவ்வாக்கிழமை ஹபீப் வீட்டுப் பக்கம் வந்தான். டீ குடிச்சுட்டு வாசலுக்கு வந்தோம். வெள்ளை வண்டி நிக்குது. நான் தொடக்கூடாது. அவன் தொடலாமில்ல? நான் சொல்லவேயில்லை, அவனாத்தான் குனிஞ்சு, செல்போன் லைட்டைப் போட்டு சக்கர ஓட்டை வழியாப் பாத்தான். நிமிந்து என்னைப் பாத்தான்.

"யாரு ஓட்டறது, பாப்பாவா?"

"ஆமா."

"ஒரு ரூபாக் காசு கனம்தாண்டா இருக்கு. உடனே அனுப்பு, ஒருமணி நேர வேலை. ஊருக்குள்ள ஓட்டினாக் கூடப் பரவால்ல, மலைக்கு மட்டும் ஏத்திடாதே."

சொல்றேன்னேன். சொல்லணும்னுதான் நெனச்சேன் சார். அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல, "வண்டி எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டேன். கவனிங்க, நான் கேட்டேன். வாய்ப்புக் குடுத்தேன். "நல்லா இருக்குப்பா"ன்னா. நல்லா இருக்குன்னு சொல்றவகிட்ட நான் என்ன சொல்ல?

ஒரு வாரம் போச்சு. ஒருநாள் காலேஜ்லேருந்து வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே, "அப்பா, வண்டில என்னமோ..."ன்னு ஆரம்பிச்சா. நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு நிமிந்து உக்காந்தேன். அவ என் முகத்தைப் பாத்தா. என்ன பாத்தாளோ தெரியல. "ஒண்ணுமில்ல. ஜூன்ல சர்வீஸுக்கு விடணும், அப்பப் பாத்துக்கலாம்"னுட்டு உள்ள போயிட்டா. நான் மறுபடி பேப்பரை விரிச்சேன். அவ கேக்க வந்துட்டா சார், இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி. அந்த ஒரு வார்த்தையை அவ சொல்லட்டுமேன்னு இருந்தேன். அப்பா, கொஞ்சம் பாருங்களேன். இவ்வளவுதான். இதைக் கேக்கறதுல என்ன குறைஞ்சு போயிடும்? நாலாயிரம் பேர் என்கிட்டக் கேட்டிருக்காங்க.

தினமும் காலைல அவ வண்டி எடுக்கறப்ப வாசல்ல நிப்பேன். கத்தும். அவ என்னைப் பாப்பா. நான் ரோட்டைப் பாப்பேன்.

பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, மே முப்பத்தொண்ணு. மிதுனா லீவு முழுக்க வீட்லயே இருந்துட்டா, ஏற்காடு போலாம்னு பூவிழி சொன்னா. மாப்பிள்ளைக்கு ஃபேக்டரில ஷிஃப்ட், அவர் வரல. சனிக்கிழமை சாயந்திரம் என்கிட்ட வந்து, "நீங்களும் வாங்கப்பா. நான் மலையில ஓட்டி நீங்க பாத்ததில்லையே"ன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சு. அவ வண்டில நான் உக்காந்ததே இல்லை சார், அதுவரைக்கும் கூப்பிட்டதில்லை. அந்த நேரத்துல போய், பேட் தேய்ஞ்சிருக்கு, வண்டியை எடுக்காதேன்னு எப்படிச் சொல்றது? தொட்டதுக்கெல்லாம் குறை சொல்றாருன்னு நெனக்க மாட்டாளா? தவிர நான் பக்கத்துல இருக்கப்போறேன். நான் இருக்கறப்ப என்ன ஆயிடும்னு ஒரு தைரியம்.

ஏறறப்ப ஒண்ணுமில்லை. ஏத்தத்துல பிரேக்குக்கு என்ன வேலை? நல்லா ஓட்டினா. உண்மையைச் சொல்லணுமில்ல, ரொம்ப நல்லா ஓட்டினா. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், எதிர் வண்டிக்கு வழி, கியர் மாத்தறது கை தெரியாம மாத்தறா. அந்தப் பக்கத்துத் தெரு அம்மா நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க. நல்லா ஓட்டறியேம்மான்னு அவகிட்டச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்காம எதுவும் சொல்லாதீங்கன்னிருக்காளே, இதுவும் அதுல சேத்தியான்னு தெரியல. விட்டுட்டேன்.

மேல ஏரியைப் பாத்தோம். குழந்தை போட்ல போகணும்னா, போனோம். புளிசாதம் கொண்டுபோயிருந்தா, சாப்பிட்டோம். மூணு மணிக்கு இறங்க ஆரம்பிச்சோம்.

அந்த ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதியிருக்கும், மேலேருந்து வந்தா இருபது, பத்தொம்பதுன்னு குறையும். மிதுனா பின் சீட்ல உக்காந்து சத்தமாப் படிச்சுக்கிட்டே வரா. பூவிழி மூணாவது கியர்ல இறக்கறா, பிரேக்கை அமுக்கி அமுக்கி. ரெண்டாவதுல இறக்கணும் சார். எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்கணும். பிரேக்குக்கு வேலையே குடுக்கக் கூடாது. அந்த ஒண்ணு அவளுக்கு யாரும் சொல்லல போல. எனக்கு நாக்குல அரிப்பு. கேட்டாத் தவிர, கேட்டாத் தவிரன்னு உள்ள சொல்லிக்கிட்டே வரேன்.

பதினாலாவது வளைவுல கீச்சு நின்னுபோச்சு. அடுத்த வளைவுல வேற சத்தம், கரகரன்னு, இரும்பை இரும்பு வெச்சுத் தேய்க்கற மாதிரி. கருகின வாசனை உள்ள வந்துச்சு.

"அப்பா, என்ன சத்தம் இது?"

கேட்டுட்டா. கடைசில கேட்டுட்டா சார்.

"பேட் முழுக்கத் தேய்ஞ்சிடுச்சும்மா. இரும்பு உரசுது. செகண்ட்ல போடு."

மறுபேச்சு இல்லை, உடனே போட்டா. வண்டி முனகிக்கிட்டு மட்டுப்பட்டுச்சு. "பெடல் உள்ள போகுதுப்பா"ன்னா. குரல் மாறவே இல்லை. சூடேறி பிரேக் ஆயில் கொதிச்சா அப்படித்தான், அமுக்க அமுக்கப் பஞ்சு மாதிரிப் போகும். "ஃபர்ஸ்ட்டுக்குப் போ"ன்னேன். போனா. ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறா. வண்டி நடக்கற வேகத்துக்கு வரல, ஆனா வந்துக்கிட்டிருக்கு. எனக்கு அது அப்பத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், என் காலடில பிரேக் இல்லை. அமுக்கறேன் சார், ரெண்டு காலாலயும் அமுக்கறேன், வெறும் கால்மிதிதான். இருபத்தொம்பது வருசமா அமுக்கினா நின்ன வண்டி, அன்னிக்கு அது பாட்டுக்குப் போகுது.

வலது பக்கம் மலையை ஒட்டி ரோடு வேலைக்கு ஜல்லி கொட்டி வெச்சிருந்தான். அவ ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பினா. எனக்கு எதிர்ல ஏறி வர்ற பஸ் மட்டும்தான் தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு நேரா விடறாளேன்னு நெனச்சேன். கைபிரேக்கைப் பிடிச்சு முழு மூச்சா மேல இழுத்தேன்.

பின் சக்கரம் பூட்டிக்கிச்சு. வண்டி சர்ருன்னு சுத்தி, முன்பக்கம் வலது மூலை பாறைல போய் இடிச்சுது. அவ பக்கம்.

குழந்தைக்கு பெல்ட் போட்டிருந்தா, நெத்தில வீக்கம் மட்டும். எனக்கு ஒரு கீறல் இல்லை. பூவிழிக்குத் தோள்பட்டை, காறை எலும்பு, வலது கை முழங்கைக்கு மேல. வண்டி நின்னுச்சு. கைபிரேக் போட்டதுனாலதான் நின்னுச்சுன்னு இன்னிக்கும் சொல்லுவேன். அந்த பஸ் டிரைவர், பெரிய மனுசன், ஓடி வந்து அவர்தான் கதவைப் பிரிச்சார். இவளைத் தூக்கி வெளிய உக்கார வெச்சுட்டுச் சொல்றார், "லைட்டைப் பாத்ததுமே நான் கீழயே நிறுத்திட்டேன்மா, நீங்களும் கரெக்டா ஜல்லிக்குத்தான் திருப்பினீங்க. ஜல்லில ஏறினா அப்படியே அமுங்கி நின்னிருக்குமே. அப்புறம் ஏன் சுத்துச்சு?" அவர் வண்டிக்குள்ள எட்டிப் பாத்தார். கைபிரேக் மேல நிக்குது. அவர் என்னைப் பாத்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன், அழுதுச்சு.

ஆஸ்பத்திரில அறுவை சிகிச்சை முடிஞ்சு மூணாவது நாள். ஹபீப் பாக்க வந்தான், சாத்துக்குடி வாங்கிட்டு. இவ கண்ணை மூடிப் படுத்திருந்தா. தூங்கறான்னு நெனச்சோம். அவன் அவ தோள்ல போட்டிருந்த கட்டைப் பாத்துட்டு, என் தோளைப் பிடிச்சு, மெதுவாத்தான் சொன்னான். "அன்னிக்கே சொன்னேனேடா குணா, மலைக்கு ஏத்தாதேன்னு." நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிட்டான்.

அவன் போனதும் கண்ணைத் திறந்தா.

"எந்த அன்னிக்குப்பா?"

"என்னம்மா?"

"ஹபீப் மாமா அன்னிக்கேன்னாரே. எந்த அன்னிக்கு?"

பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. "பன்னெண்டாம் தேதி, செவ்வாக்கிழமை"ன்னேன்.

கணக்கு வாத்தியாரம்மா இல்லையா. ஒரு நொடிகூட ஆகல. "பத்தொம்பது நாள்"னா.

"நீதானம்மா சொன்ன. நீயா கேட்டாத் தவிர எதுவும் சொல்லக் கூடாதுன்னு."

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்."

ஃபேனைப் பாத்துக்கிட்டே, "பின்னாடி மிதுனா உக்காந்திருந்தாப்பா"ன்னா.

"நானும்தானேம்மா உக்காந்திருந்தேன். என் உயிர் உயிரில்லையா? ஆபத்துன்னு நெனச்சிருந்தா நான் ஏறியிருப்பேனா?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே சார்? அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவதான். எதாவது வேணும்னா மாப்பிள்ளைகிட்டச் சொல்லுவா, அவர் என்கிட்டச் சொல்லுவார். ரொம்ப தங்கமான மனுசன். நடுவுல கிடந்து அவஸ்தைப்படறார்.

நான் எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். சொல்லியிருந்தா, மறுபடி ஆரம்பிச்சுட்டாருன்னு சொல்லுவா. சொல்லல, அதுக்கு இப்படி. நான் எப்படித்தான் இருந்திருக்கணும்? நீங்க சொல்லுங்க. இல்லை, வேணாம், நீங்க தர்மசங்கடப்படாதீங்க. ஸ்கூலையும் மூடிட்டேன். திரும்பப் போய் ஒரு வாரம் பாத்தேன். ஒரு காலேஜ் பொண்ணு, நல்லாத்தான் ஓட்டுச்சு, இறங்கறப்ப, "சார், நீங்க காலை எடுத்தா நான் கத்துக்குவேன்"னுச்சு. எடுக்கணும்னுதான் நெனச்சேன். கால் வரமாட்டேங்குது சார். நானா அமுக்கல, அதுவா அமுக்குது. அதோட போதும்னு விட்டுட்டேன்.

வண்டியை ஹபீப்தான் சரி பண்ணிக் குடுத்தான். போன மாசம் டாக்டர், பக்கத்து இடங்களுக்கு மட்டும் ஓட்டலாம்னுட்டார், காலேஜுக்கு அவளே ஓட்டறா. இங்க வர்ற நாள் மட்டும் பயிற்சிக்கப்புறம் தோள் வலிக்கும்னு மாப்பிள்ளை ஓட்டறார்.

போன திங்கக்கிழமை மறுபடி அந்தச் சத்தம். கேட்டுகிட்ட, பின்னால எடுத்து நிறுத்தறப்ப. காதுலயே தங்கிப்போன சத்தமா, நெஜமான்னு தெரியல. செவ்வாக்கிழமையும் வந்துச்சு. ரெண்டு நாளும் சோறு இறங்கல. சொன்னா என்ன சொல்லுவாளோ, சொல்லலைன்னா என்ன ஆகுமோ. மாப்பிள்ளைகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன், நீங்களே சொல்லுங்க மாமான்னுடுவார். புதன்கிழமை காலைல அவ சாவியை எடுத்தா. நான் போய் வாசப்படில நின்னுட்டேன். வழியை மறிச்சுக்கிட்டு.

"பூவிழி, வண்டில சத்தம் வருதும்மா. பிரேக்கைப் பாத்துட்டு எடு"ன்னேன். கேக்காமயே சொன்னேன் சார்.

அவ நின்னா. ஆறு மாசத்துல முதல்தடவையா நேருக்கு நேர் பாத்தா. "பாத்தாச்சுப்பா. போன சனிக்கிழமையே ஹபீப் மாமா பட்டறைல சக்கரத்தைக் கழட்டிப் பாத்தேன், நானே கழட்டினேன். பேட் புதுசுதான். டிஸ்க்குல ஒட்டிப் பழகற வரைக்கும் கொஞ்சம் கத்தும்னார். மாசா மாசம் பாக்கச் சொல்லியிருக்கார்"னா.

எனக்குத் தலையிலேருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. பேசிட்டாளேன்னு வேற. சிரிக்கலாமான்னு பாத்தேன்.

"உங்களுக்கு எப்பலேருந்துப்பா கேக்குது?"ன்னா.

"திங்கக்கிழமைலேருந்து."

அவ சாவியை இந்தக் கைலேருந்து அந்தக் கைக்கு மாத்தினா. என்னைத் தாண்டிப் போய் வண்டில ஏறிட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

மூணு நாள்தான் சார். மூணாவது நாளே சொல்லிட்டேனே. அதை ஏன் அவ கணக்குல எடுத்துக்கல?

கதவு திறக்குது பாருங்க. அவதான், நீலத் துப்பட்டா. நீங்க கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்து, என்னை மறைச்ச மாதிரி உக்காந்துக்குங்க சார். அவ லிஃப்ட்டுக்குப் போறவரைக்கும். தோள் வலியோட வரா, என்னைப் பாக்காத மாதிரித் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும், பாவம்.